பாடசாலைச் சீருடைச் செலவு: பிரித்தானியாவில் யாருக்கு என்ன உதவி?

சீருடைக்கு அரசாங்கம் காசு தருமா என்று யாராவது கேட்டால், எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். ஐக்கிய இராச்சியம் முழுவதற்கும் பொதுவான திட்டம் எதுவும் கிடையாது.

ஸ்கொட்லாந்தில் வழி தெளிவாக இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கவுன்சில்கள் (உள்ளூராட்சிச் சபைகள்) உடுப்புக்கான உதவித்தொகை கொடுக்கின்றன. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்குக் குறைந்தது 120 பவுண், இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைக்கு 150 பவுண் என்று 2021இல் நிர்ணயித்தார்கள். வருமான வரம்பு கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும்.

வேல்ஸில் பிள்ளைக்கு 125 பவுண். இடைநிலைப் பாடசாலை தொடங்கும் ஏழாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்கு 200, அந்த வருடம் எல்லாமே புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்பதால். குறைந்த வருமானத்தை வைத்து பாடசாலையில் இலவச உணவுக்குத் தகுதி பெறும் குடும்பங்களுக்கானது இது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. வேல்ஸின் ஆரம்பப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம்தான். அதனால் சீருடைக் காசும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது, கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தஞ்சம் கோரியிருப்பவர்களும், பொது நிதியை (அரச உதவிப்பணங்களை) பெற முடியாத விசாவில் இருப்பவர்களும்கூட இதைக் கேட்கலாம்.

வட அயர்லாந்தில் கல்வி அதிகார சபைதான் கொடுக்கிறது. இலவச உணவுக்கும் சீருடைக்கும் ஒரே விண்ணப்பம்.

சரி, நம்மவர்கள் அதிகம் வாழும் இங்கிலாந்து? அங்கே தேசிய அளவில் உதவித்தொகை இல்லை. கவுன்சில் விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. பல கவுன்சில்கள் கொடுப்பதில்லை. உங்கள் கவுன்சிலின் இணையத்தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள், சில பாடசாலைகள் தங்கள் நிதியிலிருந்து உதவும்.

ஆனால் காசு கிடைக்காவிட்டாலும் செலவைக் குறைக்க இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருக்கிறது. பெற்றோர் அதைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். 2021இல் வந்த சட்டத்தின் கீழ் அரசு வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. கவுன்சிலின் கட்டுப்பாட்டில் இல்லாத அகடமிகள் உட்பட அரச நிதியில் இயங்கும் பாடசாலைகள் அதைக் கருத்தில் எடுத்தே ஆக வேண்டும். தனியார் பாடசாலைகளுக்கு இது பொருந்தாது. பாடசாலையின் சின்னம் பொறித்த உடுப்புகளைக் குறைந்தபட்சமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தைத் தவிர்க்க வேண்டும். அப்படி வைத்திருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மற்றக் கடைகளும் போட்டியிடும்படி கேள்விப்பத்திரம் கோர வேண்டும். பாவித்த சீருடை கிடைக்கவும் வழி செய்ய வேண்டும். எது கட்டாயம், எது விருப்பம், எதைச் சாதாரணக் கடையில் வாங்கலாம் என்பதெல்லாம் பாடசாலையின் இணையத்தளத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். சின்னம் போட்ட காற்சட்டை கட்டாயம் என்று கடைக்காரர் சொன்னால், பாடசாலை எழுதியிருப்பது அதுதானா என்று பார்க்கலாம். பட்டியல் நியாயமில்லாமல் நீண்டிருந்தால் அதிபருக்கு எழுதுங்கள். பதில் சரியில்லையென்றால் பாடசாலையின் முறைப்பாட்டு நடைமுறை இருக்கிறது. வாங்க வசதியில்லாத காரணத்தால் பிள்ளையைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றும் அரசு வழிகாட்டலில் இருக்கிறது, அதையும் குறிப்பிடலாம்.

அப்புறம் பொருட்களின் விலையில் சேரும் வற் (VAT) வரி. சிறுவர் உடுப்புக்கு அந்த வரி இல்லை. ஆனால் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சராசரி அளவு வரைதான் இந்தச் சலுகை. பார்ப்பது அளவைத்தான், பிள்ளையின் வயதை அல்ல. பன்னிரண்டு வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட பிள்ளைக்குப் பெரிய அளவு வாங்கினால் 20 சதவீத வரியும் சேர்ந்தே வரும்.