ஆதரவு போஸ்டர் வரைவதற்கு முன் யாரிடம் கேட்டீர்கள்?

எங்கேயாவது ஒரு சமூகம் தாக்கப்பட்டால் அன்று மாலைக்குள் டிசைனர்கள் நாங்கள் ஏதாவது வரைந்து பதிவேற்றிவிடுகிறோம். ஓங்கிய முஷ்டி, பல நிறத்தில் கோத்த கைகள், இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது ஒரு புறா. எண்ணத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போஸ்டர் வடிவமைப்பையே தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் பார்த்தால், அவற்றில் பாதிக்கு மேல் வரைந்தவருக்கு மட்டும்தான் ஆறுதல்.

2020 ஜூன் 2 நினைவிருக்கும். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டதை ஒட்டி, அமெரிக்க இசைத்துறையில் இருந்த இரண்டு கறுப்பினப் பெண்கள் அன்று வழக்கமான வேலையை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். அது இன்ஸ்டாகிராமுக்கு வந்தபோது வெறும் கறுப்புச் சதுரமாகச் சுருங்கிவிட்டது. லட்சக்கணக்கானோர் அதைப் போட்டார்கள். பலர் கறுப்பினத்தவர் போராட்டத்தின் பிளாக் லைவ்ஸ் மேட்டர் ஹேஷ்டேகையும் சேர்த்தார்கள். போராட்டத் தகவல்களைத் தேடி அந்த ஹேஷ்டேகுக்குப் போனவர்களுக்குத் திரை முழுக்கக் கறுப்புதான் தெரிந்தது. ஹேஷ்டேகையாவது எடுத்துவிடுங்கள் என்று போராட்டக்காரர்களே கேட்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர் எதிரான உதாரணமாக நான் எப்போதும் சொல்வது மேடு (Medu) என்ற கலைக்குழு. 1978இல் போட்ஸ்வானாவின் கேபரோனில் தொடங்கியது. நிறவெறி அரசிடமிருந்து தப்பி வந்த தென்னாப்பிரிக்கர்கள், உள்ளூர்க்காரர்கள், வேறு நாட்டவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். தங்களைக் கலைஞர்கள் என்றுகூட அழைத்துக்கொள்ளவில்லை, பண்பாட்டுத் தொழிலாளர்கள் என்றார்கள். அவர்கள் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்த போஸ்டர்கள் எல்லை தாண்டி ரகசியமாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போயின. சுவரில் ஒட்டினால் போலீஸ் கிழித்துவிடும் என்று தெரிந்தேதான் அடித்தார்கள். 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி வந்து கேபரோனில் நடத்திய தாக்குதலில் 12 பேர் இறந்தார்கள். மேடுவின் முக்கிய ஓவியர் தாமி ம்ன்யெலே அவர்களில் ஒருவர். குழுவும் அதோடு முடிந்துபோனது.

அந்த அளவு துணிச்சலை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேலை செய்த முறையை எடுத்துக்கொள்ளலாம். யாருக்காகப் போஸ்டரோ, அவர்களும் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார்கள். 1968 மே மாதம் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியை மாணவர்கள் கைப்பற்றி நடத்திய மக்கள் பட்டறையிலும் அப்படித்தான். வரைபடங்களைப் பொதுக்கூட்டத்தில் வைத்து இரண்டு கேள்வி கேட்பார்கள்: அரசியல் கருத்து சரியா? போஸ்டர் அதைச் சரியாகச் சொல்கிறதா? தேறியது மட்டும் அச்சுக்குப் போகும். வரைந்தவர் கையெழுத்து இருக்காது. பெயர் போடாத வேலைக்கு நம்மில் எத்தனை பேர் ஒப்புக்கொள்வோம்? (சமூக ஊடகக் காலத்தில் இதைக் கேட்கவே கூடாது, தெரியும்.)

சின்னங்களைக் கடன் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். எய்ட்ஸ் காலத்தில் நியூயார்க்கில் ஆறு ஓரினச்சேர்க்கை ஆண்கள் ஒரு போஸ்டர் செய்தார்கள். 1987இல் நகரமெங்கும் ஒட்டப்பட்டது. கறுப்புப் பின்னணியில் இளஞ்சிவப்பு முக்கோணம், கீழே ‘மௌனம் = மரணம்’ என்று பொருள்படும் வாசகம். நாஜி முகாம்களில் ஓரினச்சேர்க்கையாளர்களின் உடையில் தைக்கப்பட்ட அடையாளம் அந்த முக்கோணம். அங்கே கீழ்நோக்கி இருந்த முனையை இவர்கள் மேல்நோக்கித் திருப்பினார்கள். அந்த வலிக்கு உரியவர்கள் என்பதால் அவர்களால் திருப்ப முடிந்தது. அதையே வெளியாள் ஒருவர் அழகுக்காக எடுத்துப் போட்டிருந்தால் அவமானமாகியிருக்கும்.

எழுத்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அரபு தெரியாதவர் செய்யும் போஸ்டர்களில், சேர்ந்து ஓட வேண்டிய எழுத்துகள் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மென்பொருளில் வலமிருந்து இடமாக ஓடும் மொழிகளுக்கான அமைப்பைப் போடாததால் வரும் வினை. தமிழிலும் இது நடக்கிறது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். “உங்களோடு நிற்கிறோம்” என்பதைப் பிழையாக எழுதினால், அந்த மொழிக்காரர் ஒருவரிடம்கூட நாம் காட்டவில்லை என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், ஃபைல். முடிந்த படத்தை மட்டும் கொடுக்காமல், திருத்தக்கூடிய மூல ஃபைலையும் அந்தச் சமூகத்திடமே கொடுத்துவிடுங்கள். வாசகத்தை மாற்றுவார்கள், நிறத்தைக் கெடுப்பார்கள், மட்டமான தாளில் அடிப்பார்கள். அடிக்கட்டும். 1958இல் ஜெரால்டு ஹோல்டம் அணு ஆயுத எதிர்ப்புக்காக வரைந்த சமாதானச் சின்னத்துக்கு யாரும் காப்புரிமை வைத்துக்கொள்ளவில்லை. அது எந்தெந்தச் சுவர்களில் எப்படியெல்லாம் கோணல்மாணலாக வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.