பத்தாவது கடையில் தொடங்கும் தலைவலி

ஹட்டனில் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ஒரு மாணவி மடக்கினாள்: "சேர், கடைகளோட விலையை ஒப்பிட்டுப் பார்க்கிற அந்த ஆப்புல ஏன் மூணே கடை? இன்னும் பத்தைச் சேர்த்தா என்ன?" கொழுந்துச் சம்பளத்தில் பால்மா வாங்கும் வீட்டுப் பிள்ளை. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

கடைக்கு ஒரு கணினி நிரல் எழுதி, அதன் தளத்திலிருந்து விலையைப் பொறுக்கி எடுப்பது சின்ன வேலை. கடைக்காரர் பக்கத்தின் அமைப்பை மாற்றினால் நிரல் படுத்துவிடும். திரும்ப எழுத வேண்டியதுதான். சில தளங்கள் ஊரைச் சொன்னால்தான் விலையே காட்டும். இதற்கெல்லாம் பொறுமை போதும். மூளையைத் தின்பது வேறொன்று: இரண்டு கடையிலும் இருப்பது ஒரே பொருள்தானா?

ஒருவர் "முழு ஆடைப் பால்மா 400 கிராம்" என்று போடுகிறார். இன்னொருவர் "எஃப்.சி.எம்.பி. 0.4 கிலோ பக்கெட்" என்கிறார் (அதே முழு ஆடைப் பால்மாவின் ஆங்கிலச் சுருக்கம்). பார்கோட் எண் கிடைத்தால் நொடியில் தீரும் (இலங்கையில் பதிவானவை 479இல் தொடங்கும்). பல கடைகள் அதைப் பக்கத்தில் போடுவதில்லை. ஆக, பெயரோடு பெயரை ஒப்பிட வேண்டும். கடைக்கு 5,000 பொருள் என்றால் இரண்டு கடைக்கு 2.5 கோடி ஒப்பீடு. பத்துக் கடையில் 45 ஜோடிகள்: 112.5 கோடி!

இங்கேதான் எனக்குப் பிடித்த உத்தி வருகிறது. ஆவணங்களைத் தேடுவதற்காக 1972இல் கணினி ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் சொன்னது: அரிதான சொல்லுக்கே எடை, அதாவது முக்கியத்துவம், அதிகம். தோட்டத்து லயத்தில் போய் "ராமசாமி வீடு எது?" என்று கேட்டால் பத்துக் கதவு திறக்கும். "ஆர்மோனியம் வாசிக்கிற ராமசாமி" என்றால் ஒரே கதவுதான். உதாரணத்துக்கு, பட்டியலில் 1,024 பொருள் இருக்க, "பக்கெட்" 512இல் வந்தால் எடை 1. 1,024ஐ ஒரு தடவை பாதியாக்கினால் 512 வந்துவிடுகிறதே, அதனால். எட்டே பொருளில் வரும் பிராண்ட் பெயருக்கு ஏழு தடவை பாதியாக்க வேண்டும், எடை 7. பள்ளியில் படித்த மடக்கைதான், அடிமானம் 2. எடை கூடிய சொல் பொதுவாக உள்ள ஜோடிகளை மட்டும் ஒப்பிட்டால் போதும்; கோடிகளில் பெரும்பகுதி தொடாமலே கழிந்துவிடும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. "400" எங்கும் வருவதால் எடை குறைவு, ஆனால் தீர்ப்பே அதன் கையில். என் சோதனை நிரல் ஒருநாள் பால்மா பாதி விலை என்றது. நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அது 200 கிராம் பக்கெட்! வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, அளவைத் தனியே பிரித்துக் கிராமுக்கு மாற்றி, ஒத்துவராததை அங்கேயே தள்ளிவிடுகிறேன்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பொருட்பெயர் அகராதி ஒன்று இருந்தால் பாதிப் பாரம் குறையும். செயற்கை நுண்ணறிவு மாநாடு ஒன்றின் மதியச் சாப்பாட்டுச் செலவில் செய்துவிடலாம் என்பது என் எரிச்சல்.

கேள்வி கேட்டவளிடமே 200 ஜோடிகளைக் கொடுத்து "ஒன்றா, வேறா" என்று குறிக்கச் சொன்னேன். நிரலைச் சரிபார்க்க அது வேண்டும். பன்னிரண்டாவதிலேயே தகராறு: கரண்டி இலவசமாக ஒட்டிய பக்கெட் அதே பொருளா, வேறா?