ரிஃப்ளெக்ஸ் கேமரா: அனிச்சையா, ஆடியா?

பழைய கேமரா விற்கும் கடைகளிலும் ஸ்டுடியோக்காரர்கள் பேச்சிலும் டி.எல்.ஆர்., எஸ்.எல்.ஆர். என்ற இரண்டு பெயர்கள் அடிபடும். ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ், சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் என்பவற்றின் சுருக்கம். இரண்டு லென்ஸ், ஒரு லென்ஸ் என்பது வரை யாருக்கும் சிக்கல் இல்லை. ரிஃப்ளெக்ஸ் என்றால் என்ன என்று கேட்டால்தான் ‘சட்டென்று வேலை செய்வது’ என்பது போல ஏதாவது பதில் வரும். பள்ளிக்கூட விலங்கியலில் படித்த ரிஃப்ளெக்ஸ் ஆக்‌ஷன், அதாவது அனிச்சைச் செயல், மனதில் தங்கிவிட்டதால் வரும் குழப்பம் இது. சூடான பாத்திரத்தில் பட்ட கை தானாக விலகுவதற்கும் இந்தக் கேமராவுக்கும் தொடர்பே இல்லை. இரண்டுக்கும் வேர் மட்டும் ஒன்று.

லத்தீனில் ‘ஃப்ளெக்டெரே’ என்றால் வளைத்தல். ‘ரெ’ என்ற முன்னொட்டுக்குத் திரும்ப, பின்னோக்கி என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் பின்னோக்கி வளைத்தல். அப்படி வளைக்கப்பட்டது ‘ரிஃப்ளெக்ஸுஸ்’. ஒளி பட்டுத் திரும்பினால் ரிஃப்ளெக்‌ஷன். நரம்பில் போன செய்தி மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தண்டுவடத்திலேயே திரும்பிவிட்டால் ரிஃப்ளெக்ஸ். கேமராவுக்குப் பெயர் கொடுத்தது ஒளி. பெட்டிக்குள் சாய்வாக வைத்த ஒரு கண்ணாடி, லென்ஸ் வழியாக வரும் ஒளியை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதனால் அது ரிஃப்ளெக்ஸ் கேமரா. (நம் ஊர்த் தெருமுனைகளை நிறைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரும் இதே வேரில் வந்ததுதான். வளையக்கூடியது என்று பொருள்படும் ‘ஃப்ளெக்ஸிபிள்’ தேய்ந்து ஃப்ளெக்ஸ் ஆயிற்று.)

கண்ணாடியைச் சாய்த்து வைக்கும் யோசனை போட்டோவைவிட வயது கூடியது. கேமரா என்ற சொல்லுக்கே லத்தீனில் அறை என்றுதான் பொருள். சிறு துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாக விழும் இருட்டு அறை. அதைப் பெட்டியாகச் சுருக்கிக் கையில் தூக்கிப் போகத் தொடங்கியபோது, தலைகீழ்ப் படம் ஓவியர்களுக்குத் தொல்லையாக இருந்தது. ஜெர்மானியரான யோஹான் கிறிஸ்டோஃப் ஸ்டுர்ம் 1676-இல், நாற்பத்தைந்து பாகை சாய்த்த கண்ணாடியால் படத்தை நிமிர்த்தும் பெட்டியை விவரித்தார். 1685-இல் யோஹான் ட்ஸான் அத்தகைய பெட்டிகளைப் படங்களோடு வெளியிட்டார். அந்தப் படங்களைப் பார்த்தால் இன்றைய எஸ்.எல்.ஆரின் முப்பாட்டன் என்று சொல்லிவிடலாம். உள்ளே ஒளியைப் பிடித்துவைக்கும் பொருள்தான் இல்லை. அது வந்தபின், 1861-இல் இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸுக்குக் காப்புரிமை பெற்றார்.

ஒற்றை லென்ஸில் ஒரு தொல்லை உண்டு. பார்க்கும்போது கண்ணாடி வழியில் நிற்க வேண்டும், படம் எடுக்கும்போது விலக வேண்டும். விலகிய கண்ணாடி உடனே தானாகத் திரும்பும் ஏற்பாடு ஜப்பானில் 1954-இல் வந்த அசாஹிஃப்ளெக்ஸ் டூ-பி போன்ற கேமராக்களுக்குப் பிறகுதான் பரவலானது. அதற்கு முன் பெரும்பாலும், ஷட்டரை அமுக்கியதும் பார்வை இருண்டுவிடும்; அடுத்த படத்துக்குத் தயார் செய்யும்வரை இருட்டுதான். இந்தத் தொல்லைக்கு வேறு வழியில் விடை கண்டதே இரட்டை லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. கண்ணாடி மேல் அறையில் அசையாமல் கிடக்கும்.

இந்த வகையில் பெயர் பெற்றது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே, ஹைடெக்கே என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் 1929-இல் கொண்டுவந்த ரோலைஃப்ளெக்ஸ். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். அதே நிறுவனம் முன்னதாக ஹைடோஸ்கோப் என்ற ஸ்டீரியோ கேமரா, அதாவது ஆழம் தெரியும்படி இரட்டைப் படம் எடுக்கும் கேமரா, செய்தது. அது ஹைடெக்கே பெயரில் பிறந்தது. ரோல் பிலிமில் ஓடும் ஹைடோஸ்கோப் ரோலைடோஸ்கோப் ஆனது. அதிலிருந்து ‘ரோலை’யை எடுத்து, ரிஃப்ளெக்ஸின் வாலான ‘ஃப்ளெக்ஸ்’ஸை ஒட்டினார்கள். சுருளும் கண்ணாடியும் பெயரிலேயே இருக்கின்றன. பிறகு இக்கோஃப்ளெக்ஸ், யாஷிகாஃப்ளெக்ஸ் என்று இந்த வால் ஊரெங்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ரிஃப்ளெக்‌ஷன் ‘எதிரொளிப்பு’. பொருள் சரி, ஆனால் காதுக்குக் கண்டம். எதிரொளிக்கும் எதிரொலிக்கும் இடையே ஒரே ஒரு லகர வேறுபாடு. மேடையில் பேசினால் பாதிக் கூட்டம் மைக்கைப் பற்றிய பேச்சு என்று நினைக்கும். இலங்கைப் பாடநூல்கள் ‘தெறிப்பு’ என்கின்றன. அங்கே ஒளி தெறிக்கும். அனிச்சைச் செயலும் ‘தெறிவினை’. ஒரே வினையடியில் இரண்டு பொருளையும் அடக்கியதில் இலங்கைக்காரர்கள் லத்தீனுக்கு மிக அருகே போயிருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் தெறிப்பது என்றால் சேறோ எண்ணெயோதான் நினைவுக்கு வரும். ‘ஒற்றை லென்சு எதிரொளிப்பு ஒளிப்படக்கருவி’ என்று முழுக்க எழுதினால் பிழையில்லை. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை என்பதுதான் குறை.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். ஜெர்மானியர் ரிஃப்ளெக்ஸுக்கு முன்னால் ‘ஷ்பீகல்’, அதாவது முகம்பார்க்கும் கண்ணாடி, என்பதைச் சேர்த்து ஐயத்தைத் தீர்த்துவிட்டார்கள், டி.எல்.ஆருக்கு அவர்கள் சொல்வது ‘இருகண்’ கண்ணாடிக் கேமரா. ஜப்பானியர் ‘நிகன் ரெஃபு’ என்கிறார்கள். நி என்றால் இரண்டு, கன் என்றால் கண். (உடனே தமிழோடு உறவு கொண்டாட வேண்டாம். அந்தக் ‘கன்’ சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.) ஆங்கிலமும் தன்னையறியாமல் விடை சொல்லியிருக்கிறது: ரிஃப்ளெக்ஸ் போய் வந்த புதிய கேமராவை அது மிரர்லெஸ் என்கிறது. கண்ணாடி இல்லாதது ஒன்று என்றால், கண்ணாடி உள்ளது மற்றொன்று.

கண்ணாடி என்றால் தமிழில் மூக்குக்கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து வந்துவிடும். ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்கு ‘ஆடி’ என்ற சொல் பாடநூலிலேயே குழியாடி, குவியாடி என்று பழகியிருக்கிறது. ஆகவே டி.எல்.ஆர். ‘இருகண் ஆடிக் கேமரா’, எஸ்.எல்.ஆர். ‘ஒருகண் ஆடிக் கேமரா’, மிரர்லெஸ் ‘ஆடியில்லாக் கேமரா’. வெறும் ‘ஆடிக் கேமரா’ என்று மட்டும் எழுதினால் ஆடித் தள்ளுபடியில் வாங்கியது என்று கேலி வரும். ‘இருகண்’ முன்னால் நிற்பது அதற்கும் நல்லது. கேமராவைப் படக்கருவி என்று மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். எனக்குக் கேமரா தமிழாகிவிட்டது.

அடுத்த சொல் வியூஃபைண்டர். காட்சியைத் தேடித் தருவது. தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று பழகிய வாய்க்குக் ‘காட்சிநோக்கி’ தடையில்லாமல் வரும். பார்ப்பது வேறு, நோக்குவது வேறு என்ற வேறுபாடு தமிழில் உண்டு. நோக்குவதில் குறி இருக்கிறது. இருகண் ஆடிக் கேமராவுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அதில் கண்ணை ஒட்டிப் பார்ப்பதில்லை. கேமராவை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே பிடித்து, மேல்மூடியைத் திறந்து, உள்ளே தெரியும் சதுரத்தைக் குனிந்து நோக்க வேண்டும். அந்தச் சதுரம் ஒரு பக்கம் சொரசொரப்பாகத் தேய்க்கப்பட்ட கண்ணாடி. ஒளி அதில்தான் படமாக விழுகிறது. ‘நோக்குத்திரை’ என்று சொன்னால் போதும்.

முதல்முறை குனிகிறவரைத் திகைக்க வைப்பது இடவல மாற்றம். லென்ஸ் காட்சியைத் தலைகீழாகவும் இடம்வலம் மாற்றியும் தருகிறது. ஆடி தலைகீழை மட்டும் சரிசெய்கிறது. இடம்வலம் அப்படியே நிற்கிறது. கடைப் பலகையின் எழுத்து திரும்பித் தெரியும். வலப்பக்கம் ஓடும் குழந்தை திரையில் இடப்பக்கம் ஓடும். திரையைத் துரத்தினால் குழந்தை சட்டத்துக்கு வெளியே போய்விடும். திரையில் உருவம் போகும் திசைக்கு எதிராகக் கேமராவைத் திருப்பப் பழக வேண்டும். ஒருகண் கேமராவின் தலையில் கூம்பி நிற்கும் ஐம்பட்டகம் (பென்டாப்ரிசம்) என்ற பலமுகக் கண்ணாடிக் கட்டி இந்த இடவல மாற்றத்தையும் நிமிர்த்திவிடுகிறது. டிரெஸ்டனில் செய்யப்பட்ட கான்டாக்ஸ் எஸ் 1949-இல் இதோடு வந்தது. அது வந்தபின்தான் ஒருகண் கேமரா இடுப்பிலிருந்து கண்ணுக்கு ஏறியது.

இடுப்பு மட்டத்துக்கும் பலன் உண்டு. எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேரே ஒரு கருவி நீளுவதில்லை. எடுப்பவர் தலை தாழ்ந்திருக்கிறது. சிகாகோ தெருக்களில் ரோலைஃப்ளெக்ஸோடு அலைந்த விவியன் மையரின் படங்களில் மனிதர்கள் சற்றே உயர்ந்து நிற்பது போலத் தெரிவதற்கு இந்தத் தாழ்ந்த நோக்கும் ஒரு காரணம். கூர்மையைத் திருத்த, மூடிக்குள் மடிந்திருக்கும் உருப்பெருக்கி லென்ஸைத் தட்டி எழுப்பிக் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். வெயிலில் திரை மங்கும் என்பதால்தான் அதைச் சுற்றி நான்கு மடிப்புச் சுவர்கள். ஓடும் பொருளுக்கு முன்சுவரை உள்ளே மடித்தால் சதுரத் துளை கிடைக்கும். அதன் வழியே நேராகப் பார்க்கலாம், இடவலம் மாறாது, ஆனால் கூர்மை தெரியாது.

இரண்டு கண்கள் இருப்பதற்குக் கட்ட வேண்டிய வரி ஒன்று உண்டு. மேல் லென்ஸ் பார்ப்பது கீழ் லென்ஸ் எடுப்பதைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்தில். மலையை எடுக்கும்போது இது பொருட்டில்லை. ஒரு மீட்டரில் முகத்தை எடுத்தால் உச்சந்தலை வெட்டுப்படும். ஆங்கிலத்தில் பாரலாக்ஸ். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். இயற்பியல் செய்முறை வகுப்பில் அளவுகோலைச் சாய்வாகப் பார்க்காதே என்று ஆசிரியர் அதட்டியபோது சொன்ன ‘இடமாறு தோற்றப் பிழை’தான் இது. ரோலைஃப்ளெக்ஸில் ஃபோகஸ் குமிழைத் திருப்பும்போதே நோக்குத்திரைக்கு அடியில் ஒரு சட்டம் நகர்ந்து இதை ஈடுகட்டும். அந்த வசதி இல்லாத கேமராவில், கிட்டத்தில் எடுக்கும்போது தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விடுவதே வழி.

இனி சுருள். பிலிம் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ஃபில்மென்’, மெல்லிய தோல். சோப்புக் குமிழியின் ‘படலம்’ என்று நாம் சொல்வதும் அதே கருத்து. ஆனால் கேமராவுக்குள் போகும் பொருளுக்குப் ‘படச்சுருள்’ நிலைத்துவிட்டது, நல்ல சொல்லும்கூட. பேச்சில் ரோல் அல்லது பிலிம். வெட்டிப் பந்தா செய்கிறவனைப் பார்த்து ‘பிலிம் காட்டாதே’ என்று சொல்லும் அளவுக்கு அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தன் சுருளுக்கு ‘இந்து’ என்று பெயர் வைத்தது. நிலவு என்று பொருள்.

இருகண் கேமராக்களில் பெரும்பாலும் ஓடுவது 120 ரோல். கோடக் அதை 1901-இல் அறிமுகம் செய்தது. 1929-இன் முதல் ரோலைஃப்ளெக்ஸ் 117 என்ற வேறு சுருளைக் கேட்டது, அதில் ஆறே படங்கள். 1932-இல் 120-க்கு மாறியதும் பன்னிரண்டு கிடைத்தன. 35 மி.மீ. சுருள் போல இதற்கு உலோகக் கூடு கிடையாது. பிலிமின் முதுகில் அதைவிட நீளமான காகிதம். அந்தக் காகிதமே வெளிச்சத்துக்குத் தடை. ஆகவே நிழலில் மாட்ட வேண்டும். நிழலே இல்லையென்றால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உடம்பின் நிழலில் மாட்டலாம்.

முந்தைய ரோல் முடிந்து காலியான ஸ்பூலை மேலே மாற்றி, புது ரோலைக் கீழே வைத்து, காகித நுனியை இழுத்து மேல் ஸ்பூலின் பிளவில் செருக வேண்டும். சுற்றும்போது கட்டைவிரலால் ரோலை லேசாக அமுக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்து சுற்றிய ரோலின் ஓரங்களில் ஒளி புகுந்துவிடும். காகிதத்தில் அம்புக்குறி வரும். அது கேமராவின் உள்ளே உள்ள புள்ளிகளுக்கு நேராக வந்ததும் முதுகை மூடிக் கைப்பிடியைத் தானாக நிற்கும்வரை சுற்றினால் ஒன்றாம் எண். 1937-இன் ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமாட்டுக்கு அம்புக்குறியும் வேண்டாம். காகிதத்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், பிலிம் தொடங்கும் இடத்தில் கூடும் தடிமனை அது தடவியே அறிந்துகொள்ளும். உருளைக்கு வெளியே காகிதத்தை விட்டால் எண்ணி ஓடாமல் மொத்த ரோலும் சுற்றிப் போய்விடும்.

லூபிடெல் போன்ற எளிய கேமராக்களில் முதுகில் சிவப்புச் சன்னல் இருக்கும். காகிதத்தில் அச்சிட்ட எண்ணை அதன் வழியே பார்த்துச் சுற்ற வேண்டும். பழைய பிலிம்கள் சிவப்பொளியை உணராதவை என்பதால் வைத்த சன்னல் அது. பின்னால் வந்தவை எல்லா நிறத்தையும் உணர்பவை. எண் பார்க்கும் நேரம் தவிர மூடியே வையுங்கள்.

ரோலைஃப்ளெக்ஸில் பிலிம் கீழறையிலிருந்து மேலேறும்போது செங்குத்தாக மடங்கித் திரும்புகிறது. பாதி ரோலை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் மடிப்பு பதிந்து, அடுத்த படத்தில் ஒரு பட்டை மட்டும் கூர்மை குறையலாம். மினோல்டா ஆட்டோகார்டில் பிலிம் மேலிருந்து கீழே நேராக இறங்கிச் சட்டத்தைக் கடந்த பிறகே மடங்குவதால் இந்த வம்பு கிடையாது.

பன்னிரண்டு முடிந்ததும் 35 மி.மீ. போலத் திருப்பிச் சுற்றும் வேலை இல்லை. காகிதத்தின் வால் முழுதும் ஏறும்வரை சுற்றி, முதுகைத் திறந்து, ரோல் அவிழாமல் விரலால் பிடித்தபடி எடுத்து, ஒட்டுத்தாளை ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும். பிறகு டெவலப். கலைச்சொல்லாக இதை ‘உருத்துலக்கல்’ என்கிறார்கள், மறைந்திருக்கும் உருவைத் துலங்கச் செய்வது என்ற பொருளில், அழகான ஆக்கம். ஸ்டுடியோவில் ‘பிலிம் கழுவுறது’ என்பார்கள். கணக்காகப் பார்த்தால் கழுவுவது கடைசிப் படிதான், அதற்கு முன் உருத்துலக்கியும் நிலைநிறுத்தும் ஹைப்போவும் உண்டு. இருந்தாலும் மூன்றையும் சேர்த்துச் சொல்லக் கழுவுதலே புழக்கத்தில் இருக்கும் சொல். எழுதும்போது உருத்துலக்கல் என்று எழுதுங்கள். ரோலை நீட்டும்போது கழுவித் தரச் சொல்லுங்கள்.