யோம் கிப்பூர் வருவதற்கு முன்பே கேளுங்கள்

யோம் கிப்பூர் என்பது யூதர்கள் உண்ணாமலும் தண்ணீர் குடிக்காமலும், தொலைபேசியைக்கூடத் தொடாமலும் பாவமன்னிப்பு வேண்டும் நோன்பு நாள், ஓய்வுநாளும்கூட. கடந்த யோம் கிப்பூர் அன்று பிற்பகல் மூன்று மணியளவில், மின்ஹா என்னும் பிற்பகல் தொழுகைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் வெள்ளை உடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பிரார்த்தனைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்தேன். அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மும்பைப் புழுக்கத்தின் வேலை அது என்று நினைத்துக்கொண்டு, அருகில் இருந்தவர் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லி அழைத்தபோது தொடர்பில்லாத பதில் வந்தது. காலையில் வழக்கமான அளவு இன்சுலின் போட்டுக்கொண்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அவர் ஜெப ஆலயத்திற்கு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரிடமிருந்து பத்தடி தூரத்தில், சமையலறை மேடை மேல், அன்றிரவு நோன்பு முடிப்பதற்காக ஊறவைத்துப் பிழிந்த கருந்திராட்சைச் சர்பத் ஓர் எவர்சில்வர் தவலை நிறைய இருந்தது, வாயில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டப்பட்டு. அதை யாரும் தொடவில்லை. ஒருவர் மட்டும் வாசலுக்கு ஓடினார். காவலாளி யூதர் அல்லர், ஆகவே 108-ஐ அவர் அழைப்பதில் பாவமில்லை என்பது அவருடைய கணக்கு. காவலாளி தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

நான் துணியை அவிழ்த்து, கையில் கிடைத்த தம்ளரில் சர்பத்தை மொண்டுவந்து கொடுத்தேன். என் பையிலிருந்த கைபேசியை உயிர்ப்பித்து ஆம்புலன்ஸை அழைத்தேன். நான் கைபேசியைக் காதில் வைத்தபோது சபையில் எழுந்த முணுமுணுப்பு இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து நலமாக வீடு திரும்பினார். நலம் விசாரிக்கப் போன என்னிடம், "போயிருந்தால் புண்ணிய நாளில் போயிருப்பேன், அதிலென்ன குறை?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஜெப ஆலயத்தில் மூன்று ஆண்டுகளில் இது மூன்றாவது முறை.

மும்பைக்கு அருகே, கொங்கண் யூதர்களான பெனே இஸ்ரயேல் சமூகத்தின் ஒரு சிறிய ஜெப ஆலயத்தில் ஹசானாக, அதாவது தொழுகையை முன்னின்று நடத்துபவனாக, இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி வருகிறேன். இதையே மராத்தியில் எழுதி எங்களவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், நான் மாட்டுங்காவில் தமிழ் படித்து வளர்ந்தவன் என்பது மட்டுமன்று. எங்கள் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் தமிழர்கள் இருக்கிறார்கள், "உங்கள் மதம் இதற்கு இடம் கொடுக்காதே" என்று அவர்களும் தயங்கிவிடுகிறார்கள். இடம் கொடுக்கிறது. இடம் கொடுப்பதோடு நிற்காமல் கட்டளையே இடுகிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

"உயிரே போனாலும் நோன்பை விடாதவரே உண்மையான பக்தர்; சாப்பிட அனுமதிப்பதெல்லாம் பலவீனர்களுக்குக் கொடுக்கும் சலுகை" என்பதுதான் அந்தத் தவறான எண்ணம். இது எங்கள் மதத்தில் எங்கும் இல்லை. லேவியராகமம் 18:5 கட்டளைகளைப் பற்றிச் சொல்லும்போது, அவற்றின்படி செய்கிறவன் அவற்றால் பிழைப்பான் என்கிறது. அவற்றால் பிழைக்க வேண்டுமேயன்றி அவற்றால் சாகக் கூடாது என்று, யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதின் யோமா பகுதி அதற்குப் பொருள் கூறுகிறது. யோமா என்பதே யோம் கிப்பூரைப் பற்றிய பகுதி என்பதைக் கவனியுங்கள். நோயாளி உண்ண வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் உணவு கொடுக்க வேண்டும். தேவையில்லை என்று நூறு மருத்துவர்கள் சொன்னாலும், "எனக்கு வேண்டும்" என்று நோயாளி சொன்னால் அவன் சொல்லையே கேட்க வேண்டும். ஏனென்றால் இருதயத்தின் கசப்பு இருதயத்திற்கே தெரியும் என்கிறது நீதிமொழிகள். மாறாக, மருத்துவர் வேண்டும் என்று சொல்லி நோயாளி வேண்டாம் என்று மறுத்தால், மருத்துவர் சொல்லே நிற்கும். நோயின் மயக்கத்தில் அவன் அப்படிப் பேசுகிறான் என்று தல்மூத் காரணமும் சொல்கிறது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்ன எங்கள் பெரியவரை இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டவர்கள் போல எழுதியிருக்கிறார்கள்.

அதே யோமாவில் புல்முஸ் என்ற ஒரு நிலை பேசப்படுகிறது. பசியால் கண் இருண்டு தடுமாறுகிறவனுக்கு, கண் தெளியும் வரை ஊட்ட வேண்டும். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் விலக்கப்பட்ட உணவைக்கூடக் கொடுக்க வேண்டும். தேனும் இனிப்பும் கண்ணைத் தெளிவிக்கும் என்று அங்கே இருக்கிறது. இதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் எங்கள் சபையில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், "சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ் கொடு என்பதைத்தானே சொல்கிறார்கள்?" என்று கேட்பார். நான் மருத்துவன் அல்லன்; ஆனால் அவரை மறுத்துப் பேச எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

காவலாளியைத் தேடி ஓடியவருக்கும் ஒரு வார்த்தை. உயிராபத்தில் இருப்பவருக்காக ஓய்வுநாளை மீறும் வேலையைப் பிற இனத்தாரிடமோ சிறுவர்களிடமோ தள்ளிவிடக் கூடாது, இஸ்ரயேலின் பெரியோர்களும் அறிஞர்களுமே அதைச் செய்ய வேண்டும் என்று இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார். அவர் மருத்துவராகவும் இருந்தவர். எங்கள் வேதமான தோராவின் சட்டங்கள் உலகத்தைப் பழிவாங்க வந்தவை அல்ல, இரக்கமும் கருணையும் அமைதியுமே அவற்றின் நோக்கம் என்பதும் அதே இடத்தில்தான் வருகிறது. 1848-இல் வில்னா நகரில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) காலரா பரவியபோது, ரப்பி, அதாவது யூத மதகுரு, இஸ்ரயேல் சாலண்டர் யோம் கிப்பூர் அன்று மக்களை உண்ணச் சொன்னார், சபையின் முன் தாமே உண்டு காட்டினார் என்றும் சொல்வார்கள். அவரைவிட நம் பக்தி பெரியதா?

இனி ஆண்டுச் சுழற்சிக்கு வருகிறேன், ஏனென்றால் சிக்கல் ஒரு நாளோடு முடிவதில்லை. எங்கள் ஆண்டில் ஆறு நோன்புகள் உண்டு. அவற்றில் யோம் கிப்பூரும் ஆவ் மாதத்து ஒன்பதாம் நாளும் மாலையில் தொடங்கி அடுத்த நாள் இரவு வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் நீள்பவை. கெதலியா நோன்பு, தேவேத் பத்தாம் நாள், எஸ்தர் நோன்பு, தம்மூஸ் பதினேழாம் நாள் ஆகிய நான்கும் விடியலில் தொடங்கி இருட்டும் வரைதான். இந்த நான்கிலும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உயிராபத்து இல்லாத சாதாரண நோயாளிகளுக்குமே கட்டாயம் இல்லை. ஆவ் ஒன்பதில்கூட நோயாளிக்கு விலக்கு உண்டு. ஆனால் முளைகட்டிய மொச்சையில் செய்யும் பிர்டாவின் பெயரால் எங்கள் முன்னோர் அழைத்த அந்த நாளை, காய்ச்சலோடும் பிடித்துத் தீருவேன் என்று நிற்பவர்கள் உண்டு. யோம் கிப்பூர் வரும் மாதத்திற்கு முந்தைய எலூல் மாதம் முழுவதும் விடியலுக்கு முன் செலிகோத் என்னும் பாவமன்னிப்புப் பிரார்த்தனைக்கு வரும் முதியவர்கள் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார்கள். மாத்திரை உணவுக்குப் பின் சாப்பிட வேண்டியதென்றால், முதலில் உண்டுவிட்டு வாருங்கள். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒயினுக்குப் பதிலாக நாம் பயன்படுத்தும் திராட்சைச் சர்பத் மருந்தன்று. வாராவாரம் ஓய்வுநாள் கித்தூஷ் ஆசீர்வாதத்திற்கும், பஸ்கா இரவில் நான்கு கோப்பையாகவும் அதைக் குடிக்கும் நீரிழிவுக்காரர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

யோம் கிப்பூரைத் தார்ஃபல்னிசா சண், அதாவது கதவடைக்கும் திருநாள் என்று நம் கொங்கண் முன்னோர் அழைத்தார்கள். வெள்ளை உடுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியாருடன் தொடர்பில்லாமல் இருந்த நாள் அது. அழகான வழக்கம்தான். ஆனால் தனியாக வாழும் மூதாட்டி ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்தால், அவர் விழுந்தது மறுநாள், அதாவது ஷிலா சண் அன்றுதான் தெரியவரும். மகன்கள் இஸ்ரேலில் இருக்கிறார்கள், மகள்கள் தானேயில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சரி. நோன்பு தொடங்கும் மாலைக்குள் அம்மாவின் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். சபையிலிருந்து யாராவது நண்பகலில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவர நான் ஏற்பாடு செய்கிறேன், பெயரை மட்டும் எனக்குக் கொடுங்கள்.

எங்கள் சமூகத்தில் ரப்பிகள் வழக்கமாக இருந்ததில்லை, ஹசான்களே எல்லாவற்றுக்கும். கடினமான கேள்வி வந்தால் நான் வெளியூரில் இருக்கும் ரப்பியைத் தொலைபேசியில் கேட்கிறேன். அதற்கு நாள் வேண்டும். ஆகவே எலூல் பிறந்தவுடன் மருத்துவரைப் பாருங்கள், "நான் நோன்பிருக்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராமல், 25 மணி நேரம் உணவும் தண்ணீரும் இல்லை என்பதைச் சொல்லி, எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரம் என்று எழுதி வாங்குங்கள். மருந்தை விடாமல் உணவை மட்டும் விடுவது நடுவழி என்று நினைக்காதீர்கள்; இன்சுலின் விஷயத்தில் அதுதான் மிக மோசமான வழி, பெரியவருக்கு நேர்ந்ததும் அதுவே. சிறிது சிறிதாக உண்டால் போதும் என்று மருத்துவர் கருதினால் அதற்கும் முறை இருக்கிறது: ஒவ்வொரு முறையும் 30 மில்லிக்குக் குறைவான உணவு, ஒரு கன்னம் கொள்ளும் அளவுக்குக் குறைவான, ஏறத்தாழ 40 மில்லிக்கு உட்பட்ட நீர், இடையில் 9 நிமிடம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அது போதாது என்று மருத்துவர் சொன்னால், அளவு பார்க்காமல் உண்ண வேண்டும். பேறு முடிந்து மூன்று நாள் ஆகாத தாய் நோன்பே இருக்கக் கூடாது. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பட்டினி போட்டுப் பெருமைப்படாதீர்கள்.

நலமாக இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: முந்தைய நாள் நன்றாக உண்பதும் கட்டளைதான்; யோம் கிப்பூர் மாதத்தின் பத்தாம் நாள், ஒன்பதாம் நாள் உண்பவரை ஒன்பதும் பத்தும் நோன்பிருந்தவராகவே தல்மூத் கணக்கிடுகிறது. நாள் முழுக்க நின்று பாட வேண்டிய நான், பத்து நாள் முன்னால் வரும் புத்தாண்டான ரோஷ் ஹஷானா முதலே தேநீரை ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்துக்கொண்டு வருவேன். இல்லாவிட்டால் நண்பகலில் தலை பிளந்துவிடும்.

சபையில் யாருக்காவது குளிர்வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் கண்டால் என்னை நோக்கிக் கை தூக்கி அனுமதி கேட்காதீர்கள். விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு உடனே இனிப்பைக் கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். எருசலேம் தல்மூத் இதைக் கடுமையாகவே சொல்கிறது: விரைந்து செயல்படுபவன் பாராட்டுக்குரியவன், ஆபத்து நேரத்தில் கேட்டுக்கொண்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறவன், கேட்கப்படுகிறவனோ இழிவுக்குரியவன். கடைசியாக வருவது என்னைப் போன்றவர்களைப் பற்றியது. முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தால் அவனிடம் யாரும் வந்து கேட்க வேண்டியிருந்திருக்காது என்பதே அதன் விளக்கம். மூன்று ஆண்டுகளாக அந்த வரி என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது. யோம் கிப்பூர் தொடங்கும் கோல் நித்ரே இரவில் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் தள்ளிப்போட்டவன்தான்.

இந்த ஆண்டு எலூலின் முதல் ஓய்வுநாளிலேயே இதைச் சபையில் படிக்கப் போகிறேன். சர்பத்தில் ஒரு பகுதியைச் சிறிய பாத்திரத்தில் தனியாக எடுத்து, துணி கட்டாமல், வெறும் தட்டால் மூடி, பின்வரிசைக்கு அருகிலுள்ள சன்னல் மேடையில் வைப்பேன். பெண்கள் பகுதியிலும் அப்படி ஒன்று இருக்கும். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் கோப்பைகள் எட்டைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். அவை அந்தப் பாத்திரங்களின் பக்கத்திலேயே இருக்கும்.