இன்முகமே தொழிலாகும்போது: ஜப்பானிய ஐடல்களின் மனநலம்

வேலையின் நிமித்தம் நாள் முழுவதும் இன்முகம் காட்ட வேண்டியவர்களிடம் மனச்சோர்வு மிகத் தாமதமாகவே வெளிப்படுகிறது என்பதை, வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களுக்கு ஆலோசனை வழங்கும்போது நான் அடிக்கடி காண்கிறேன். தூக்கமும் பசியும் கெட்ட பின்னரும் அவர்கள் சிரித்தபடியே பேசுவார்கள். ஜப்பானின் 'ஐடல்' எனப்படும் இளம் பாடகர்களின் தொழிலில் இந்த நிலை உச்சத்தைத் தொடுகிறது.

2005ஆம் ஆண்டு டோக்கியோவின் அகிஹபாராவில் தொடங்கப்பட்ட ஏகேபி48 குழு, நேரில் சந்திக்கக்கூடிய ஐடல்கள் என்ற எண்ணத்தையே தன் அடையாளமாக்கியது. குறுந்தகடு வாங்கியவர்கள் அதனுடன் வரும் சீட்டைக் கொண்டு, விருப்பமான உறுப்பினருடன் சில வினாடிகள் கைகுலுக்கிப் பேச முடிந்தது. 2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் நடந்த தேர்தலில், பெரும்பாலும் குறுந்தகடுகளோடு கிடைத்த வாக்குகளே உறுப்பினர்களின் தரவரிசையைத் தீர்மானித்தன. தம்மை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பது எண்ணாக மாறி, சக உறுப்பினர்கள் முன்னிலையிலேயே மேடையில் அறிவிக்கப்படும் சூழலில் வளரும் ஒரு பதின்வயதினருக்குத் தன்மதிப்பு என்பது வெளியாரின் கையில் போய்விடுகிறது.

இதைவிடக் கடுமையானது, ஐடல்கள் காதலிக்கக் கூடாது என்ற தடை. இளைஞர் ஒருவரின் வீட்டில் இரவு தங்கியதாக வார இதழில் செய்தி வெளியானதையடுத்து, 2013 ஜனவரியில் ஏகேபி48இன் மினெகிஷி மினாமி தலையை மழித்துக்கொண்டு காணொளியில் அழுதபடி மன்னிப்புக் கேட்டார். 2015இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், ஐடலாக இருந்தபோது இந்தத் தடையை மீறிய 17 வயதுப் பெண், தம்மை நிர்வகித்த நிறுவனத்துக்குச் சுமார் 6,50,000 யென் இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றத்தின் வேறொரு நீதிபதி 2016 ஜனவரியில், காதல் உறவு மகிழ்ச்சியை நாடும் உரிமைக்கு உட்பட்டது என்று கூறி, நிறுவனமொன்றின் இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்தார். பிந்தைய தீர்ப்பே மனநல நோக்கில் சரியானது. நெருக்கடியில் மனிதரைத் தாங்கி நிற்பது அந்தரங்க உறவுகளே; அவற்றையே குற்றமாக்கினால், துன்பத்தோடு சேர்த்து அதைச் சொல்வதற்கான ஆளையும் மறைத்துவைக்க வேண்டியதாகிறது.

விற்கப்பட்ட நெருக்கத்தை உண்மையென நம்பும் ரசிகரால் அச்சமும் வருகிறது. 2014 மே மாதம் இவாதே மாகாணத்தில் நடந்த கைகுலுக்கும் நிகழ்வில், ஏகேபி48 உறுப்பினர்கள் இருவரை ஒருவர் ரம்பத்தால் தாக்கினார். ஏகேபி48இன் சகோதரக் குழுவான என்ஜிடி48இன் யாமாகுச்சி மாஹோ, 2018 டிசம்பரில் தம் வீட்டு வாசலில் தாக்கப்பட்டார். அடுத்த மாதம் அதை வெளியே சொன்ன பிறகு, தொல்லை தந்ததற்காக மேடையில் தலைவணங்கி மன்னிப்புக் கேட்டவரும் அவரே. அதிர்ச்சிக்குப் பின் தன்னையே குறைகூறிக்கொள்வதைச் சிகிச்சையில் நாங்கள் பல மாதம் முயன்று தளர்த்துகிறோம். அதையே ஒரு நிறுவனம் மேடைச் சடங்காக அனுமதிப்பது என்னைச் சினங்கொள்ள வைக்கிறது.

ஆண்களும் விலக்கல்லர். கிங் அண்ட் பிரின்ஸ் குழுவின் இவாஹாஷி கெங்கி, பீதி நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக 2018இல் வெளிப்படையாக அறிவித்து ஓய்வெடுத்தார். 2021இல் குழுவிலிருந்து விலகினார். 'உடல்நலக் குறைவு' என்று பூசிமெழுகாமல் நோயின் பெயரைச் சொன்னது, அதே அறிகுறிகளோடு தவிக்கும் ரசிகருக்கும் மருத்துவரை நாடும் துணிவைத் தரக்கூடியது.

ஐடல்கள் பலர் ஊழியராக அல்லாமல் தனிநபர் ஒப்பந்ததாரராகவே அமர்த்தப்படுவதால், வேலைநேர வரம்பும் நோய்க்கால ஊதியமும் அவர்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. எனவே அவர்களுக்கான மனநல ஆலோசகரின் ஊதியத்தை நிறுவனம் தரட்டும். ஆனால் அமர்வில் பேசியவை நிறுவனத்தின் காதுக்குப் போகக் கூடாது. ஓய்வுக்குப் பின் திரும்புபவரை முதலில் ஒத்திகைக்கும், பிறகு குழுவாக ஏறும் மேடைக்கும் அனுப்பலாம். அந்நியர்களை ஒருவர் பின் ஒருவராகச் சிரித்து வரவேற்க வேண்டிய கைகுலுக்கும் நிகழ்வை, அவரே கேட்ட பின், கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும்.