முன்பருவ முகாமும் மறைக்கப்படும் வலியும்: ஒரு வைக்கிங்ஸ் ரசிகரின் பார்வை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்களாகிய எங்களுக்கு ஒரே வேலைதான். முகாமில் இருக்கும் 90 பேரில் எந்த 53 பேர் மிஞ்சுவார்கள் என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டு, அதற்காக நண்பர்களோடு சண்டையும் போடுவோம். மாத இறுதியில் ஒரே நாளில் பட்டியல் 53 ஆகச் சுருங்கும்; கழிக்கப்பட்டவர்களில் சிலர் 16 இடங்கள் கொண்ட பயிற்சிக் குழுவில் ஒதுங்குவார்கள்; மற்றவர்கள் வீடு திரும்புவார்கள். மூன்றே மூன்று முன்பருவ ஆட்டங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய தீர்ப்புகளை எழுதும் துணிச்சல் ரசிகர்களுக்கு மட்டுமே உண்டு, நானும் அதற்கு விலக்கல்ல. ஆனால் இதே மினசோட்டா மாநிலத்தில் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் என்பதால், யார் பந்தைப் பிடித்தார் என்பதைவிட, பிடித்துவிட்டு எந்தக் காலில் தரையிறங்கினார், அடுத்த நாள் பயிற்சிக்கு வந்தாரா என்பதில்தான் என் கண் போகிறது. அணியில் யாருக்கு இடம் என்பதைத் திறமை அளவுக்கு உடலும் தீர்மானிக்கிறது என்பதையும், அந்தத் தீர்மானத்துக்கு அஞ்சி வலியை மறைக்கும் பழக்கம் பள்ளி மைதானம் வரை இறங்கி வந்திருக்கிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 10ஆவது தேர்வாக வந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜே.ஜே. மெக்கார்த்தி, ரெய்டர்ஸ் அணிக்கு எதிரான முதல் முன்பருவ ஆட்டத்தில் 188 யார்டுகளும் இரண்டு டச்டவுன்களும் எறிந்து ஊரையே துள்ள வைத்தார். சில நாட்களுக்குள், அவருடைய வலது முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறது என்ற செய்தி வந்தது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் குருத்தெலும்பு அது. கிழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றரை மாதத்துக்குள் களத்துக்குத் திரும்பலாம். தைத்துச் சரிசெய்தால் நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மெக்கார்த்திக்குத் தைத்தார்கள், அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. ரசிகர்களில் பலர் இதைத் துரதிர்ஷ்டம் என்றார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. 21 வயதுப் பையனின் முழங்காலிலிருந்து குருத்தெலும்பை வெட்டி எடுத்தால், முப்பதுகளிலேயே மூட்டுத் தேய்மானம் தொடங்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு பருவத்தை இழந்து ஒரு முழங்காலைக் காப்பாற்றியது சரியான கணக்கு. அந்த ஆண்டு இன்னொரு குவார்ட்டர்பேக்கான சாம் டார்னால்டின் தலைமையில் அணி 14 ஆட்டங்களை வென்றதால் இந்தப் பொறுமை எளிதாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதைவிடக் கடுமையானது 2016 ஆகஸ்ட் 30. அப்போதைய குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் பயிற்சியில், யாரும் தொடாமலே, முழங்கால் மூட்டு விலகிக் கீழே விழுந்தார். மூட்டு விலகும்போது அதன் பின்னால் ஓடும் இரத்தக் குழாய் அறுபடக்கூடும்; அப்படி நேர்ந்தால் விளையாட்டை விடுங்கள், காலே போய்விடும். களத்தில் இருந்த மருத்துவக் குழு விரைந்து செயல்பட்டது. அணியோ சில நாட்களில் அவருக்குப் பதிலாகச் சாம் பிராட்ஃபோர்டை வாங்க அடுத்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. பிரிட்ஜ்வாட்டர் மீண்டும் ஓர் ஆட்டத்தில் காலடி வைக்க 2017 டிசம்பர் ஆயிற்று.

முகாம் தொடங்கும்போது உடல்தகுதி பெறாதோர் பட்டியல் என்று ஒன்று வெளியாகும். ரசிகர்கள் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, 'முதல் ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்' என்று எழுதிவிடுகிறார்கள். டி.ஜே. ஹாக்கன்சன் 2023 டிசம்பர் 24 அன்று முழங்காலைத் தாங்கும் ஏ.சி.எல். தசைநாரைக் கிழித்துக்கொண்டார்; அடுத்த பருவத்தின் நவம்பரில்தான் ஆடினார், ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்து. கிறிஸ்டியன் டாரிசா 2024 அக்டோபரில் அதே காயத்தைப் பெற்று, 2025 பருவத்தின் தொடக்க ஆட்டங்களைத் தவறவிட்டார். இந்த இரண்டையும் தாமதம் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். புதிதாக ஒட்டவைத்த தசைநார் உடலோடு ஒன்றிப் பலம் பெறுவதற்குத் தனக்கென ஒரு காலத்தை எடுத்துக்கொள்கிறது; ஒன்பது மாதத்துக்கு முன்பே களத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுகாயம் தெளிவாக அதிகம். நாங்கள் நாட்காட்டியை மட்டும் நம்புவதில்லை: காயம்பட்ட காலின் முன்தொடை வலிமை மற்றக் காலின் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவித் தடுமாறாமல் இறங்க வேண்டும், திடீரென்று திசை திரும்பும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயக்கூடாது. ஆறு மாதத்தில் வலியே இல்லை, ஓடவும் முடிகிறது என்று மகிழ்ச்சியோடு வரும் பையன்களிடம் இந்தச் சோதனைகளைச் செய்து காட்டித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது. வலி இல்லாமற்போவது மட்டும் தகுதி ஆகாது.

இனி, நான் உண்மையிலேயே கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை இறுதியில், முகாம் தொடங்கியவுடன், அணியின் நட்சத்திரப் பந்துபிடிப்பாளர் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்குத் தொடையின் பின்தசையில் லேசான பிடிப்பு ஏற்பட்டது. 2023இல் இதே வகைக் காயம் அவரிடமிருந்து ஏழு ஆட்டங்களைப் பறித்திருந்ததால், அணி அவரைப் பயிற்சியிலிருந்து விலக்கிவைத்து நிதானமாகத் திரும்ப அழைத்தது. இது பாடநூலில் உள்ளபடியான சிகிச்சை. பின்தொடைத் தசை ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம் என்பதும், முகாமின் முதல் வாரங்களில் உடல் முழுவேக ஓட்டத்துக்குப் பழகுமுன்பே இந்தக் காயங்கள் குவிகின்றன என்பதும் எங்கள் துறையில் எல்லோரும் அறிந்தவை.

அதே பிடிப்பு 90 பேர் பட்டியலில் 80ஆவது இடத்தில் இருக்கும் ஓர் இளைஞருக்கு வந்தால் என்ன ஆகும்? டிராஃப்டில் எடுக்கப்படாமல், எந்தப் பெரிய உத்தரவாதப் பணமும் இல்லாமல் வந்தவர் அவர். காயத்தைச் சொன்னால், காயத்தோடு விடுவிக்கப்பட்டவர் என்ற குறிப்போடு பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். வேறு அணி எடுக்காவிட்டால் காயப் பட்டியலில் அந்தப் பருவத்தைக் கழிக்கலாம், அல்லது குணமாகத் தேவைப்படும் வாரங்களுக்கான தொகையை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். சட்டப்படி அவருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் இடம் இல்லை. பனிக்கட்டித் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு அணியில் இடம்பிடிக்க முடியாது என்று அந்த உலகத்தில் ஒரு பேச்சே உண்டு. நட்சத்திரத்துக்கு மூன்று வார ஓய்வு, கடைசி ஆளுக்கு ஒரு கட்டு: ஒரே தசை, ஒரே கிழிசல்.

ரசிகர்களாகிய நாமும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறோம். டெட்ராய்ட் லேக்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்து, 2013இல் சோதனை ஆட்டத்துக்கு வந்து, பயிற்சிக் குழுவில் ஓராண்டு காத்திருந்து, 2018இல் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் 100 யார்டுகளைத் தாண்டிய ஆடம் தீலனின் கதையை இந்த மாநிலத்தில் சொல்லாதவர் இல்லை. 2023இல் டிராஃப்டில் எடுக்கப்படாமல் வந்து முதல் ஆண்டிலேயே தொடக்க ஆட்டக்காரரான ஐவன் பேஸும் அப்படித்தான். இவர்களைக் கொண்டாடுவது நியாயம். ஆனால் 'வலியைக் கடித்துக்கொண்டு ஓடினார்' என்ற வரியைத்தான் நாம் உரக்கச் சொல்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் காதில் அது மட்டுமே விழுகிறது.

ஆகஸ்ட் நடுவில் உயர்நிலைப் பள்ளிகளின் பயிற்சி தொடங்கும்போது எங்கள் கிளினிக்குக்கு வரும் முகங்களில் அதைப் பார்க்கிறேன். வீங்கிய முழங்காலோடு ஒரு வாரம் ஓடிவிட்டு வருகிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், இந்த வாரம்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பார்கள். பெற்றோர் சிலருக்கும் தெரிந்தே இருக்கும். முழங்கால் திரும்பிய சில மணி நேரத்துக்குள் வீங்கினால், படியிறங்கும்போது கால் மடங்கிப்போகிறது என்று சொன்னால், மூட்டு நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு அழைத்து வர வேண்டும். தொடையின் பின்புறம் 'சுரீர்' என்று இழுத்த பையனை மறுநாள் நூறு மீட்டர் ஓடவிட்டுப் பார்க்கும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சோதனை கிழிசலைப் பெரிதாக்கும், வேறு எதையும் காட்டாது.

மறைத்தால் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கும் ஒன்று வெப்பம். வைக்கிங்ஸின் கோரி ஸ்ட்ரிங்கர் பட்டியலின் கடைசியில் இடத்துக்குப் போராடியவர் அல்ல. 27 வயதில், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ போலுக்குத் தேர்வான தடுப்பாட்டக்காரர். 2001 ஜூலையில் மன்கேட்டோ முகாமின் முதல் நாள் பயிற்சியை முடிக்க முடியாமல் விலகியவர், மறுநாள் முழுக் கவசத்தோடு திரும்பி வந்தார், வாந்தி எடுத்தபடியே பயிற்சியைத் தொடர்ந்தார், முடிந்தபின் நிலைகுலைந்தார். மருத்துவமனையில் அவருடைய உடல் வெப்பம் 108.8 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 42.7 செல்சியஸ். ஆகஸ்ட் 1 அதிகாலையில் இறந்தார். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய நிறுவனம், முதலில் குளிரவை, பிறகு மருத்துவமனைக்கு அனுப்பு என்ற விதியை ஓயாமல் வலியுறுத்துகிறது. உடலைப் பனிநீர்த் தொட்டியில் அமிழ்த்தி, அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கினால் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். வியர்வை நின்றுவிட்டால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை தவறானது. கடும் உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கக்கூடும். பேச்சு குழறுவது, காரணமின்றி எரிந்து விழுவது, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் விழிப்பது ஆகியவையே அடையாளங்கள்.

ஆட்டக்காரர் சங்கமும் அணிகளும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே நாளில் இருமுறை கவசப் பயிற்சி தொழில்முறை அணிகளில் ஒழிந்தது. முகாமின் முதல் நாட்களில் கவசமே இல்லை. உடல் வெப்பத்துக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவை என்பதால், பள்ளி அணிகளிலும் இதே படிநிலை வேண்டும். உங்கள் பிள்ளையின் மைதானத்தில் பனிநீர்த் தொட்டி நிரப்பிவைக்கப்பட்டிருக்கிறதா, பயிற்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பயிற்சியாளரைத் தவிர வேறு யாருக்காவது இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். தயங்கிப் பதில் சொன்னால், பதில் தெளிவாகும்வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

இந்த ஆகஸ்டிலும் என் 53 பேர் பட்டியலை எழுதுவேன். அதில் கடைசி ஐந்தாறு இடங்களுக்கு நான் பார்ப்பது ஆட்டத்தின் சிறந்த காட்சிகளை அல்ல. யார் மூன்று நாள் தொடர்ந்து முழுப் பயிற்சி செய்தார், யார் பெயருக்குப் பக்கத்தில் 'பகுதிப் பயிற்சி' என்று இருந்தது என்ற சலிப்பூட்டும் அன்றாடக் குறிப்புகளைத்தான்.