நந்தியாவட்டை: சொல்லும் செடியும்

நந்தியாவட்டை, நந்தியாவட்டம், நந்தியார்வட்டை என மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். செடி ஒன்றுதான். வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பளபளக்கும் கரும்பச்சை இலைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். சிவனுக்குரிய பூ என்பதால், ‘நந்தி’ என்று கேட்டதும் நமக்குக் காளை நினைவு வந்துவிடுகிறது. ‘நந்தியார்’ என்று மரியாதை சேர்த்து எழுதுவதும் அதனால்தான் இருக்கவேண்டும்.

ஆனால் சொல்லின் வேர் காளையிடம் இல்லை. வடமொழியில் இது நந்த்யாவர்த்தம். நந்தி என்றால் மகிழ்ச்சி, ஆவர்த்தம் என்றால் சுழி. மங்கலமான சுழி என்று சொல்லலாம். சிவனின் காளைக்குப் பெயர் வந்ததும் இதே ‘மகிழ்’ என்னும் வேரிலிருந்துதான். ஆக, காளையும் பூவும் பெயரளவில் உறவினர்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை.

பாலி மொழியில் இதே சொல் ‘நந்தியாவட்ட’ என்று இருக்கிறது. வடமொழியின் ‘ர்த்த’ அங்கே ‘ட்ட’ ஆகியிருக்கிறது. தமிழ் வடிவம் கிட்டத்தட்ட அதுவேதான். அதனால் இந்தச் சொல் நேரே வடமொழியிலிருந்து வரவில்லை, பௌத்தரும் சமணரும் புழங்கிய பாலி, பிராகிருத வழியாக நம்மிடம் வந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. கடைசியில் வரும் ‘வட்டை’ வட்டத்தைக் குறிப்பதுபோல் நம் காதில் விழுவது தற்செயல்.

இந்தச் சுழிக்குத் தனி வாழ்வும் உண்டு. பழங்கால வானியல் அறிஞர் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை என்னும் வடமொழி நூலில் ஒரு வீட்டு அமைப்பின் பெயர் நந்த்யாவர்த்தம்; நான்கு பக்கத் தாழ்வாரங்களும் ஒன்றையடுத்து ஒன்று வலமாகச் சுற்றிப் போகும் அமைப்பு அது. மானசாரம் என்னும் சிற்பநூலில் ஊரமைப்பு ஒன்றுக்கும் இதே பெயர். சுவேதாம்பர சமணரின் எட்டு மங்கலச் சின்னங்களில் இது ஒன்று. 18-ஆம் தீர்த்தங்கரர் அரநாதருக்கு அவர்கள் சொல்லும் அடையாளமும் இதுவே. சமணரின் இன்னொரு பிரிவினரான திகம்பரர் அவருக்கு மீனைச் சொல்வார்கள்.

சரி, பூவுக்கு ஏன் இந்தப் பெயர்? ஒற்றை நந்தியாவட்டைப் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, காகிதக் காற்றாடிபோல் சுழன்று நிற்கும். மொட்டிலேயே அந்த முறுக்கு தெரியும். பறித்த காம்பில் பால் துளிர்த்து விரலில் பிசுபிசுக்கும். இது அரளிக் குடும்பம் என்பதற்கு அந்தப் பாலே அடையாளம். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் இதை அரளிப் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். ஆங்கிலப் பெயரான ‘கிரேப் ஜாஸ்மினை’ நம்பி இதை மல்லிகை வகை என்று எழுதுவது தவறு.

அதற்கும் முன்பே, 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான, மலபார் செடிகொடிகளைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்னும் நூல் இதை மலையாளப் பெயரோடு ‘நந்தி எர்வாதம்’ என்று பதிவு செய்திருக்கிறது. இன்றைய தாவரவியல் பெயர் டாபர்னேமோன்டானா டைவாரிகேட்டா. முதல் பகுதி 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மூலிகை அறிஞர் டாபர்னேமோன்டானஸின் நினைவாக வைத்தது. இரண்டாவது, கவைகவையாக விரிந்து கிளைப்பதைச் சொல்கிறது.

பக்கத்து மொழிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கின்றன. தெலுங்கில் நந்திவர்த்தனம், அதாவது மகிழ்ச்சி பெருகுவது. கன்னடத்தில் நந்திபட்டலு. ‘பட்டலு’ என்றால் கிண்ணம், நம் வட்டில். இந்தியில் சாந்தினி, நிலவொளி. இருட்டில் இந்தச் செடியைப் பார்த்தவர் வைத்த பெயராக இருக்கும்.

நம் பழைய பெயர் என்ன? குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் ‘நந்தி நறவம் நறும்புன்னாகம்’ என்று ஓர் அடி வருகிறது. அந்த நந்தியை நந்தியாவட்டம் என்றே உரைகாரர் கொள்கிறார். தமிழில் ‘நந்து’ என்றால் சங்கு. வெண்மையும் சுழியும் அதற்கும் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்லிவிட முடியாது.

வெண்மை தூய்மைக்கு அடையாளம் என்பதால் சிவ பூசைக்கு இதை விரும்பிப் பறிப்பார்கள். ஐந்து இதழை ஐந்தெழுத்தோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. அடுக்கு நந்தியாவட்டையில் அந்தக் கணக்கு நிற்காது! அடுக்கு வகை பொதுவாகக் காய்ப்பதுமில்லை. கொம்பை ஒடித்து நட்டுத்தான் பெருக்குகிறோம். ஒற்றையில் வளைந்த இரட்டைக் காய் வந்து, வெடித்தால் உள்ளே சிவந்த சதை தெரியும். அதைப் பார்த்தவர்கள் குறைவு.

கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பூவை மூடிய இமைமேல் வைத்துக் கட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு. ஆனால் செடியின் பால் கண்ணில் படக்கூடாது, எரிச்சல் உண்டாக்கும். கண்ணில் கோளாறு என்றால் மருத்துவரிடம் போவதே நல்லது.

எழுதும்போது எதை எழுதுவது? ‘நந்தியாவட்டை’, ‘நந்தியாவட்டம்’ இரண்டும் சரி. ‘நந்தியார்வட்டை’யில் உள்ள ‘ஆர்’ பிறகு ஒட்டிக்கொண்டது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். சங்கச் சாயலில் எழுதுகிறவர்கள் ‘நந்தி’ என்றே எழுதலாம், பூ என்ற சொல்லைச் சேர்த்து; இல்லாவிட்டால் படிப்பவர் மாட்டைத் தேடுவார்.